தலைநகரத்துக்கு எல்லை எங்கே? ஒரு சாக்கடை சொல்லும் கதை

ஊர்ல யாராவது கேட்டா அம்மா "பையன் டெல்லில இருக்கான்"னுதான் சொல்லுவாங்க. நானும் திருத்துறதில்லை. உண்மையில நான் தூங்குறது உத்தரப் பிரதேசத்துல (நொய்டா), பொட்டி தட்டுறது ஹரியானாவுல (குர்கான்). நடுவுல டெல்லியை தினமும் ரெண்டு தடவை குறுக்கே வெட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான் டெல்லிக்கும் எனக்கும் சம்பந்தம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். மூணு மாநிலப் போலீஸ். மூணு விதமான பேருந்து. கேப்ல உட்கார்ந்துக்கிட்டே "இந்தக் கோடுகளை யாருடா போட்டது?"ன்னு யோசிச்சு, கிடைச்சதையெல்லாம் படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

இந்தக் கோடுகள் எவ்வளவு சீரியஸ்னு 2020-லதான் எல்லாருக்கும் உறைச்சது. கொரோனா வந்ததும் ஹரியானாவும் உ.பி.யும் டெல்லி எல்லையை அடைச்சாங்க. நொய்டாவில குடியிருந்து டெல்லி ஆஸ்பத்திரியில வேலை பார்க்குற டாக்டர், நர்ஸ் எல்லாம் பாதி வழியில நிக்க வேண்டியதாப் போச்சு. ஜூன் 1-ம் தேதி டெல்லி அரசு தன் பங்குக்கு ஒரு வாரம் எல்லையை மூடுச்சு. ஜூன் 7-ம் தேதி, டெல்லி அரசு ஆஸ்பத்திரிகள் டெல்லிவாசிகளுக்கு மட்டும்தான்னு முதல்வர் அறிவிச்சார். மறுநாளே துணைநிலை ஆளுநர் அதை ரத்து செஞ்சார். மூணு மாநிலமும் சேர்ந்து பொதுவா ஒரு பாஸ் குடுங்கய்யான்னு உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. டெல்லிவாசின்னா யாரு? இந்தக் கேள்விக்கு அன்னிக்கும் பதில் இல்லை.

காரணம், டெல்லின்னு ஒரு ஊர் கிடையாது. ஒவ்வொரு துறையும் தனக்குன்னு ஒரு டெல்லியை வரைஞ்சு வெச்சிருக்கு. சட்டசபை இருக்கிற தேசியத் தலைநகரப் பகுதி 1,483 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ளே லட்யன்ஸ் கட்டின புது டெல்லியைப் பார்த்துக்கிற நகராட்சிக் கவுன்சிலுக்கு வெறும் 43 சதுர கிலோமீட்டர் சொச்சம். கன்டோன்மென்ட் தனி. மிச்சமெல்லாம் மாநகராட்சி (அதையும் 2012-ல மூணாப் பிரிச்சு, சரிப்பட்டு வராம 2022-ல மறுபடி ஒட்டினாங்க). செல்போன் கம்பெனிக்காரங்க கணக்குல டெல்லி வட்டம்னா குர்கான், நொய்டா, ஃபரிதாபாத், காஜியாபாத் எல்லாம் சேர்த்தி. இந்த எல்லாத்துக்கும் மேல 'தேசியத் தலைநகர வட்டாரம்'னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் என்.சி.ஆர்.னு சொல்றது. அது 55,083 சதுர கிலோமீட்டர்! மொத்தக் கேரளாவை விடப் பெருசு. தமிழ்நாட்டுல அஞ்சுல ரெண்டு பங்குக்கும் மேலே. ராஜஸ்தானோட ஆல்வாரும் பரத்பூரும் இதுக்குள்ளே, ஹரியானாவோட கர்னாலும் ஜீந்தும் இதுக்குள்ளே. கர்னால்ல கோதுமை விதைக்கிற விவசாயி காகிதக் கணக்குப்படி தலைநகரவாசி :-)

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1911 டிசம்பர் 12-ம் தேதி தர்பார்ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் "தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுது"ன்னு அறிவிச்சப்போ, டெல்லி பஞ்சாப் மாகாணத்துல ஒரு ஜில்லா. 1857 கலகத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் அதைப் பஞ்சாபோட சேர்த்துட்டான். தலைநகரத்தை ஒரு மாகாண கவர்னருக்குக் கீழே வைக்க முடியாதே? 1912 அக்டோபர்ல அதைத் தனியா வெட்டி எடுத்து ஒரு தலைமை ஆணையர்கிட்ட குடுத்தாங்க. 1915-ல யமுனைக்குக் கிழக்கே, ஐக்கிய மாகாணத்து மீரட் ஜில்லாவிலிருந்து 65 கிராமங்களை எடுத்துச் சேர்த்தாங்க. இன்னிக்கு ஷாதராவும் அதைச் சுத்தின கிழக்கு டெல்லியும் டெல்லியில இருக்குன்னா இதுதான் காரணம். அந்தக் கோடு நூறு வருஷத்துக்கு மேல அப்படியேதான் இருக்கு. அதைப் போட்டப்போ டெல்லியோட ஜனத்தொகை நாலு லட்சம் சொச்சம். 2011 சென்சஸ்ல 1 கோடியே 68 லட்சம். சட்டை அதேதான், உள்ளே இருக்கிற ஆள்தான் வளர்ந்துட்டான்.

சட்டை முதல்ல கிழிஞ்சது 1947-ல. 1941-ல 9 லட்சத்து 18 ஆயிரமா இருந்த ஊர், 1951-ல 17 லட்சத்து 44 ஆயிரம். மேற்குப் பஞ்சாப்லேர்ந்தும் எல்லைப்புற மாகாணத்துலேர்ந்தும் அகதிகள் வந்து குவிஞ்சாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஃபரிதாபாத். எல்லைப்புற மாகாணத்துலேர்ந்து (பன்னு, கோஹாட் பக்கம்) வந்த மக்களுக்காக, டெல்லிக்குத் தெற்கே அன்னிக்குப் பஞ்சாப் எல்லைக்குள்ள ஒரு புது ஊர் கட்ட முடிவு பண்ணாங்க. ராஜேந்திர பிரசாத் தலைமையில ஒரு வாரியம். கமலாதேவி சட்டோபாத்யாயோட இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் உள்ளே இறங்குச்சு. சும்மா உட்கார வெச்சு ரேஷன் போடுறதுக்குப் பதிலா, அகதிகளையே கூட்டுறவுச் சங்கமாச் சேர்த்து, கூலி குடுத்து, அவங்க வீட்டை அவங்களையே கட்ட வெச்சாங்க. நேருவே வாரியக் கூட்டங்கள்ல வந்து உட்கார்ந்திருக்கார். கூட இருந்து வேலை பார்த்த எல்.சி. ஜெயின் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். அப்புறம் அதிகாரிகள் கை ஓங்கி, கூட்டுறவெல்லாம் மெல்ல மங்கிப் போச்சு. ஆனா ஊர் நின்னுது, தொழிற்சாலைகள் வந்தது. இன்னிக்கு மெட்ரோவுல போனா 'பாட்டா சவுக்', 'எஸ்கார்ட்ஸ் முஜேசர்'னு ஸ்டேஷன் பேரே ஃபேக்டரி பேராத்தான் இருக்கும்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஒரு சாக்கடை. தலைப்புல சொன்ன ஆள் இவர்தான்.

சாகிபின்னு ஒரு ஆறு. ராஜஸ்தான்ல ஆரவல்லி மலைப்பக்கம் பிறந்து, ஆல்வார், ரேவாரி வழியா குர்கான் ஓரமா டெல்லிக்குள்ள வந்து, நஜஃப்கர் ஏரியில தேங்கி, அங்கேர்ந்து வஜீராபாத் கிட்ட யமுனையில விழும். ஏரியை வடிய வைக்க வெள்ளைக்காரன் காலத்துல வாய்க்கால் வெட்டினாங்க. நாளாவட்டத்துல ஊர்ச் சாக்கடையெல்லாம் அதுல விழ, ஆறுங்கிற பேரே போயி 'நஜஃப்கர் நாலா' ஆயிடுச்சு. டெல்லிக்குள்ள மட்டும் 57 கிலோமீட்டர். யமுனையை அதிகமா நாறடிக்கிறது இதுதான். பிரச்சினை என்னன்னா, டெல்லிக்குக் குடிதண்ணி எடுக்கிற வஜீராபாத் நிலையமும் இந்த நாலா யமுனையில கலக்கிற இடத்துக்குப் பக்கத்துலயேதான். 1955-ல யமுனை கொஞ்சம் திசை மாறி ஓட, சாக்கடைத் தண்ணி பின்னாடி ஏறி, நேரா குடிதண்ணி எடுக்கிற வாய்க்குள்ள போயிடுச்சு. அந்த டிசம்பர், ஜனவரியில டெல்லியில மஞ்சள் காமாலை வந்தவங்க எண்ணிக்கை சுமார் 29,000. தலைநகரத்துல! வெளிநாட்டுத் தூதருங்க எல்லாம் இருக்கிற ஊர்ல!

இந்த ஊரை இப்படியே விட்டா சரிப்படாதுன்னு அரசாங்கத்துக்குத் தோணின காலம் அது. அன்னிக்கு நகரத் திட்டமிடல் சுகாதார அமைச்சகத்துக்குக் கீழேதான் இருந்தது. ராஜ்குமாரி அம்ரித் கௌர் அமைச்சர். ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோட ஆல்பர்ட் மேயர் தலைமையில நிபுணர் குழு வந்தது (சண்டிகருக்கு முதல் வரைபடம் போட்டவரும் இவரேதான்). 1957-ல டி.டி.ஏ. பிறந்தது. 1962-ல முதல் மாஸ்டர் பிளான். அந்தப் பிளான்லயே டெல்லியைச் சுத்தி 'வளையத்து ஊர்கள்'னு காஜியாபாத், ஃபரிதாபாத், பல்லப்கர், குர்கான், பகதூர்கர், லோனி, நரேலாவைக் குறிச்சிட்டாங்க. கூட்டத்தை அங்கே திருப்பி விடணும்னு யோசனை. நரேலா தவிர மத்ததெல்லாம் வேற மாநிலம். திட்டம் போடுறவர் டெல்லியில, நிலம் அடுத்தவன்கிட்ட. யார் கேப்பா?

இந்தக் கதையோட மையமே நிலம்தான்னு எனக்குப் படுது. ஒரே யமுனைச் சமவெளி மண்ணு. ஆனா மூணு அரசாங்கம் அதை மூணு விதமா வித்துச்சு. அதனாலதான் இன்னிக்கு மூணு ஊரும் மூணு மாதிரி இருக்கு.

டெல்லியில: விவசாயிகிட்டேர்ந்து நிலத்தை எடுத்து மனை போடுறது அரசாங்கம் மட்டும்தான்னு ஆயிடுச்சு. தனியாருக்கு இடமில்லை. நோக்கம் நல்ல நோக்கம்தான். சூதாட்ட விலை கூடாது, ஏழைக்கும் வீடு கிடைக்கணும். ஆனா டி.டி.ஏ. கட்டின வேகத்தை விட ஜனம் வந்த வேகம் பல மடங்கு. ஜனம் என்ன பண்ணும்? விவசாயிகிட்டயே நோட்டரி பேப்பர்ல எழுதி வாங்கி, அங்கீகாரம் இல்லாத காலனிகளைக் கட்டுச்சு. 2019-ல மத்திய அரசு உரிமைப் பத்திரம் தர்றோம்னு அறிவிச்சப்போ அப்படிப்பட்ட காலனிகள் 1,731, அதுல இருக்கிறவங்க சுமார் 40 லட்சம். அரசாங்கம் மட்டும்தான் ஊர் கட்டணும்னு சொன்ன ஊர்ல, ஜனமே கட்டிக்கிட்ட ஊர் இது!

ஹரியானாவுல: டெல்லி கதவைச் சாத்தினதும் ஒருத்தருக்குப் பொழப்பு போச்சு. 1946-ல ஆரம்பிச்ச டி.எல்.எஃப். கிரேட்டர் கைலாஷ், ஹவுஸ் காஸ், சவுத் எக்ஸ்டென்ஷன் எல்லாம் அவங்க போட்ட மனைகள்தான். 1975-ல ஹரியானா ஒரு சட்டம் போட்டு, தனியார் லைசென்ஸ் வாங்கி காலனி போடலாம்னு வழி விட்டுச்சு. நிறுவனரோட மாப்பிள்ளை கே.பி. சிங் குர்கான் கிராமங்கள்ல வீடு வீடா உட்கார்ந்து பேசி 3,500 ஏக்கர் சேர்த்தேன், அதுல பாதிக்கு மேல கடனுக்கேன்னு அவரே சொல்லியிருக்கார். ஒருநாள் ஒரு ஜீப் சூடாகி நின்னு, தண்ணி கேட்டு இறங்கினவர் ராஜீவ் காந்தியாம், அங்கேயே உட்கார்ந்து பேசித்தான் விதிகள் தளர்ந்ததாம். இதுவும் அவர் சொன்ன கதைதான். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடியே குர்கானுக்கு ஒரு அஸ்திவாரம் இருந்தது: எழுபதுகள் தொடக்கத்துல பன்சிலால் அரசு சஞ்சய் காந்தியோட கார் கனவுக்காக எடுத்துக் குடுத்த சுமார் 300 ஏக்கர். அந்தக் கனவு கவுந்து, 1981-ல அரசு நிறுவனமா மறுபிறவி எடுத்து, 1983 டிசம்பர்ல முதல் மாருதி 800 வெளியே வந்தது. உதிரிபாகக் கம்பெனிகள் எல்லாம் பின்னாடியே வந்து மானேசர் வரைக்கும் பரவுச்சு. 1997-ல ஜி.இ. தன்னோட பேக்-ஆபீஸ் வேலையை குர்கானுக்குக் கொண்டு வந்தது (பின்னாடி 'ஜென்பேக்ட்' ஆனது அதுதான்). நாம பாக்குற கண்ணாடிக் கட்டடக் காடெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஆனா பாருங்க, குர்கானுக்கு மாநகராட்சி வந்தது 2008-ல. முதல் தேர்தல் 2011-ல. அதுக்குள்ள கால்வாசி உலகக் கம்பெனி அங்கே வந்துடுச்சு. காலனிக்கு உள்ளே ரோடு, விளக்கு எல்லாம் பில்டர் பொறுப்பு. காலனிக்கு வெளியே? பில்டர் கட்டின மேம்பாட்டுக் கட்டணத்தை வெச்சு அரசு செய்யணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் தினமும் எங்க கேப் மாட்டிக்கிட்டு நிக்குது. ரயிலையும் தனியாரே விட்டாங்க. 2013-ல ஓடின ரேபிட் மெட்ரோ அது. நடத்தின ஐ.எல்.எஃப்.எஸ். 2018-ல திவாலாக, 2019-ல டெல்லி மெட்ரோ கையில எடுத்துக்க வேண்டி வந்தது.

உத்தரப் பிரதேசத்துல: மூணாவது மாதிரி. 1976 ஏப்ரல் 17, எமர்ஜென்சி காலம், என்.டி. திவாரி முதல்வர். யமுனைக்கு அந்தப் பக்கம் டெல்லியோட ஓக்லா தொழிற்பேட்டை, இந்தப் பக்கம் 'நியூ ஓக்லா'. பேரோட முதலெழுத்துகளைச் சேர்த்தா நொய்டா. ஊர் பேருன்னு நினைச்சுட்டிருந்தேன், அது ஒரு ஆபீஸ் பேரு! அந்த ஆணையமே விவசாய நிலத்தை எடுக்கும், செக்டர் வரையும், 90 வருஷக் குத்தகைக்கு மனை குடுக்கும், குப்பையும் அள்ளும். நிலச்சுவான்தாரும் அவங்களே, முனிசிபாலிட்டியும் அவங்களே. தொழில் நகரியம்ங்கிற அந்தஸ்துல இருக்கிறதால தேர்ந்தெடுத்த நகராட்சி இல்லாமலேயே நொய்டா இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கு. "உங்க வார்டு கவுன்சிலர் யாருப்பா?"ன்னு அப்பா கேட்டப்போ அவருக்குப் புரிய வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. அவர் ஊர்ல தெருவிளக்கு எரியலைன்னா கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிக்கிற ஆள். (சைடுல ஒரு பெருமை: அதே 1976-ல ஆரம்பிச்ச எச்.சி.எல். தலைமையகம் இன்னிக்கு நொய்டாவுலதான். ஆரம்பிச்ச சிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்.)

நொய்டாவுக்கு ஒரு சாபக் கதையும் உண்டு. 1988-ல முதல்வர் வீர் பகதூர் சிங் நொய்டா வந்துட்டுப் போனதும் பதவி போச்சு. அதுலேர்ந்து பல முதல்வருங்க இந்த ஊர்ப் பக்கமே தலை வைக்கலை. அகிலேஷ் யாதவ் நொய்டா திட்டங்களை லக்னோவுல உட்கார்ந்தே திறந்து வெச்சிருக்கார். 2017 டிசம்பர்ல யோகி ஆதித்யநாத் வந்தார், 2022-ல மறுபடி ஜெயிச்சும் காட்டினார். சாபம் க்ளோஸ்.

சாபம்னு ஒண்ணு உண்மையிலேயே இருந்தா அது நிலத்தோடதுதான். 1894-ம் வருஷச் சட்டத்துல 'அவசரப் பிரிவு'ன்னு ஒண்ணு. தொழில் வளர்ச்சிக்குன்னு அவசரமா, ஆட்சேபணை கூடக் கேக்காம கிராமத்து நிலத்தை எடுத்து, அடுத்து அதையே அடுக்குமாடி பில்டருக்குக் குடுத்தா விவசாயிக்கு எப்படி இருக்கும்? 2011 மே மாசம் கிரேட்டர் நொய்டா பக்கம் பட்டா பர்சால் கிராமத்துல நிலப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டுல முடிஞ்சு, விவசாயிகளும் செத்தாங்க, போலீஸ்காரர்களும் செத்தாங்க. அதே ஜூலையில ஷாபெரி கிராமத்துல 156 ஹெக்டேர் எடுத்தது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அக்டோபர்ல அலகாபாத் உயர் நீதிமன்றம் மத்த பல கிராமங்களுக்கு 64.7 சதவீதம் கூடுதல் இழப்பீடும் பத்து சதவீதம் மேம்படுத்தின மனையும் குடுக்கச் சொன்னது. 2013-ல வந்த புது நிலச் சட்டத்துக்கு இந்தக் கிராமங்களும் ஒரு காரணம். இந்தப் பக்கம் வீட்டுக்கு முன்பணம் கட்டினவங்க? அவங்களும் நம்மள மாதிரி சம்பளக்காரங்கதான். ஆம்ரபாலி ஒண்ணுல மட்டும் 40,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் மாட்டுச்சு. 2019-ல உச்ச நீதிமன்றமே தலையிட்டு அரசு நிறுவனத்தை வெச்சுக் கட்டி முடிக்கச் சொல்ல வேண்டியதாச்சு. 2022 ஆகஸ்ட் 28-ல ரெட்டைக் கோபுரத்தைக் குண்டு வெச்சுத் தகர்த்ததை நாடே டிவில பார்த்தது. வேடிக்கை பார்த்தவங்க எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தாங்க. அதுக்கு அனுமதி குடுத்த ஃபைலை யார் பார்த்தா?

இந்த மூணையும் சேர்த்துக் கட்ட ஒரு முயற்சி நடந்தது. 1985-ல தேசியத் தலைநகர வட்டாரத் திட்ட வாரியச் சட்டம். மாநிலங்களே தீர்மானம் போட்டுச் சம்மதிச்சு, நாடாளுமன்றம் போட்ட சட்டம். மத்திய அமைச்சர் தலைவர், முதல்வர்கள் உறுப்பினர்கள். திட்டம் போடும், கடன் குடுக்கும். அமல்படுத்துற அதிகாரம்? அது மாநிலத்துக்கிட்ட. டெல்லியை நோக்கி வர்ற கூட்டத்தைத் திசை திருப்ப குவாலியர், பாட்டியாலா, ஹிசார், பரேலி, கோட்டான்னு அஞ்சு ஊர்களுக்கு 'எதிர்க் காந்தம்'னு பேர் வெச்சாங்க. பேர் நல்லாத்தான் இருக்கு. காந்தத்துல இரும்பு ஒட்டலை.

டெல்லிக்குள்ளயும் கதை வித்தியாசம் இல்லை. 1952-ல சட்டசபை வந்தது, 1956-ல போச்சு. 1991 திருத்தத்துல திரும்ப வந்து 1993-ல தேர்தல் நடந்தது. ஆனா போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூணும் மத்திய அரசுகிட்டயே. நிலம் இல்லாத முதலமைச்சர்! 2018, 2023-ன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு மேல தீர்ப்பு குடுத்து, அதுக்குப் பதிலா 2023-லயே புதுச் சட்டமும் வந்தாச்சு.

ஆரம்பத்துல என்.சி.ஆர்.குள்ள வர்றதுக்கு மாவட்டங்கள் போட்டி போட்டுது. சாலைக்குக் கடன் கிடைக்கும், நில விலை ஏறும், தேர்தல்ல சொல்லிக்கலாம். 2013-ல பரத்பூர், பிவானி, மகேந்திரகர், 2015-ல முசாஃபர்நகர், ஜீந்த், கர்னால்னு வரைபடம் வீங்கிட்டே போச்சு. அப்புறம் காத்து திசை மாறுச்சு. புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த பத்து வருஷ டீசல் வண்டி கூடாது, பதினஞ்சு வருஷப் பெட்ரோல் வண்டி கூடாது, குளிர்காலத்துல கட்டட வேலை கூடாதுன்னு வந்த உத்தரவெல்லாம் என்.சி.ஆர். முழுக்கன்னு ஆனதும், டெல்லியிலேர்ந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் "எனக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்க ஆரம்பிச்சான். 2021-ல ஹரியானாவே எல்லையைச் சுருக்குங்கன்னு சொல்லி, ராஜ்காட்லேர்ந்து நூறு கிலோமீட்டர் சுத்தளவுன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. வரவு வரும்போது தலைநகரவாசி, செலவு வரும்போது கிராமவாசி. தப்புன்னு சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்.

2016 ஜூலை 28 சாயங்காலம் குர்கான்ல மழை. ரோட்டுல மாட்டினவங்க மறுநாள் விடிஞ்சுதான் வீடு போய்ச் சேர்ந்தாங்க. என் டீம்ல இருக்கிற சீனியர் ஒருத்தர் கார்லயே தூங்கினதை இன்னும் சொல்லிட்டிருக்கார். நிரம்பி வழிஞ்சது பாத்ஷாபூர் வடிகால். ஆரவல்லியிலேர்ந்து இறங்குற மழைத்தண்ணி போறதுக்கு இருந்த வழியெல்லாம் மேல கட்டடம் வந்தாச்சு. அந்த வடிகால் எங்கே போகுதுன்னு மேப்ல விரல் வெச்சுப் பார்த்துட்டே போனேன். குர்கானைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, நஜஃப்கர் நாலாவுல போய் விழுது. அங்கேர்ந்து டெல்லியைச் சுத்திக்கிட்டு வஜீராபாத், யமுனை. அப்புறம் அதே யமுனை ஓக்லா தடுப்பணை தாண்டி நொய்டா ஓரமா வருது. எங்க அடுக்குமாடியோட மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா தெரியும், குளிர்காலத்துல வெள்ளை வெளேர்னு நுரை தள்ளிக்கிட்டு. குர்கான் ஆபீஸ்ல நான் கை கழுவின தண்ணி மூணு மாநிலம் சுத்திட்டு எனக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கும் போல. அதுக்கு எந்த எல்லையிலயும் பாஸ் கேக்கலை.